அவர் ஊரில் இல்லாதபோது நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்

தோசைத் துண்டை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. என் கணவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு மட்டும் அது நல்லா ஓடுது. நீங்க வந்துட்டா படுத்துக்கிருது. அது எப்படிங்க?"

கேட்டுவிட்டேன். பல நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. கோச்சடையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சமையலறை அது. அடுப்பில் அடுத்த தோசை கருக ஆரம்பித்திருந்தது. அதைத் திருப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் துண்டைத் தட்டிலேயே வைத்தார். எழுந்து கை கழுவினார். சீருடையை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கொடியும் இருக்கிற பையை எடுத்துத் தோளில் போட்டார். எவ்வளவு கோபம் இருந்தாலும் வாசலில் நின்று "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் வேலைக்குப் போனதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் போனார்.

அது எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கல்யாண வீடியோக்கள் கேசட்டிலிருந்து சிடிக்கு மாறி முடிந்திருந்த காலம். மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள்.

தாமரைக்குள் மணப்பெண்

நான் வீடியோ மிக்ஸிங் செய்கிறவள். கல்யாண மண்டபத்தில் கேமராக்காரர் எடுத்துவரும் நாலைந்து மணி நேரப் படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவது என் வேலை.

கல்யாணத்துக்கு முன்னால் தல்லாகுளத்தில் தங்கராசு அண்ணன் ஸ்டூடியோவின் பின்னறையில் அதைக் கற்றுக்கொண்டேன். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. கேசட் ஓட்டுகிற இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர். பெண்ணின் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைக்க வேண்டும், மாப்பிள்ளையை இதயத்துக்குள் சுற்ற வைக்க வேண்டும். ஒரு வீட்டார் தங்கள் மாப்பிள்ளை ஏழு தடவை சுற்ற வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். சுற்ற வைத்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் தலை கிறுகிறுக்கிறது என்று மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

கல்யாணமாகி, மகள் பிறந்த பிறகு வீட்டிலேயே செய்ய ஆசைப்பட்டேன். என் கணவர் மகாலிங்கம் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பாரே, அந்த வேலை. இரண்டு மூன்று நாள் வெளியூரில் இருப்பார், இரண்டு நாள் வீட்டில் இருப்பார். மனைவி வேலை பார்ப்பதில் அவருக்குப் பெரிய உற்சாகம் எதுவும் இல்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடக் கூடாது.

அந்த நிபந்தனையின் கஷ்டம் இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். வெட்டி ஒட்டிய படத்தை சிடியில் போடும் வடிவத்துக்குக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்க மணிக்கணக்கில் ஓடும். மற்றவர்கள் படுக்கப் போகும்போது ஓட விட்டுவிட்டுக் காலையில் எழுந்து எடுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் பகலிலேயே முடித்தாக வேண்டும். அவர் வெளியூரில் இருக்கும் ராத்திரிகளில் மட்டும் அவருக்குத் தெரியாமல் ஓட விட்டுக்கொள்வேன். அதைச் சொல்லிவிடுவது நல்லது.

சலீம் பாய் வந்தால் சரியாகிவிடும்

கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர் சலீம் பாய். டவுன் ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் சின்னக் கடை. ஆளும் சின்ன ஆள்தான், என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். அந்த விலைக்குக் கிடைத்ததில் நல்ல புராசஸராகப் பார்த்துப் போட்டுத் தந்திருந்தார். முதல் இரண்டு வருஷம் அது சிங்கம் மாதிரி ஓடியது.

பிறகு திடீரென்று மந்தமானது. மூன்று மணி நேரத்தில் முடிகிற வேலை நாலு மணி நேரம் இழுத்தது. சலீம் பாயைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து ஏதேதோ தட்டினார், வைரஸ் பார்த்தார். அவர் போன பிறகு ஓட விட்டால் பழைய வேகம். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் மந்தம். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். சரியானது. பிறகு கெட்டது. மூன்றாவது தடவை மெமரியைக் கூட்டிப் போட்டார். அதே கதைதான்.

"அக்கா, என் முன்னாடி நல்லாத்தான ஓடுது. நான் என்னத்தப் பாக்க?" என்றார் சலீம் பாய். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

எனக்கு வேலை கொடுக்கிற தங்கராசு அண்ணனுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. வீட்டில் சமையல், பிள்ளை, அப்புறம்தான் உனக்கு மிக்ஸிங், அதான் தாமதமாகுது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சமையலறைச் சுவரில் ஒரு மாத காலண்டர் தொங்கும். அதில் என் கணவர் டூட்டிக்குப் போகும் நாட்களை நீலப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். நான் அதன் பக்கத்திலேயே, ஒரு மணி நேரப் படம் ஓடி முடிய எவ்வளவு நேரமானது என்று பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். சலீம் பாய் வந்த நாட்களுக்கு ஒரு புள்ளி.

இரண்டு மாதம் குறித்த பிறகு ஒரு பகல் பொழுது அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சலீம் பாய் வந்து சரி செய்து போவார். நீல வட்டம் இருக்கும்வரை, அதாவது என் கணவர் வெளியூரில் இருக்கும்வரை, வேகம் இருக்கும். அவர் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் காலை மந்தம். ஒவ்வொரு தடவையும் அப்படியே.

என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்கப் போவதில்லை. நான் தூங்கிய பிறகு இவர் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குப் போய் ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். வேலையை விடு என்று வாயால் சொல்லாமல், இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

அபிராமி ரயில் ஏறிய வியாழக்கிழமை

தோசை கருகிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளைச் சொல்ல வேண்டும்.

தல்லாகுளத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம். பெண் பெயர் அபிராமி. அவள் அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தேதியைத் தள்ளக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பிடிவாதம் பிடித்தாராம். கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. பெண் மாப்பிள்ளையோடு வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் சென்னை போய், அங்கிருந்து சிங்கப்பூர் விமானம். அதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார், அவரும் தானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். தங்கராசு அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய வாக்கு என் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சலீம் பாய் வந்து போனார். புதன் முழுக்க மெஷின் பறந்தது; சாயங்காலம்தான் வெட்டி ஒட்டி முடித்தேன். மொத்தப் படமும் ஒரே ஓட்டமாக ஓடி முடிந்த பிறகுதான் சிடிகளாகப் பிரிக்க முடியும். அதற்கு ஒன்பது மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். வியாழன் காலை ஏழு மணிக்குப் போட்டால் நாலு மணிக்கு முடியும், ஐந்து மணிக்குள் சிடி அந்த வீட்டில் இருக்கும், பெண் ஆறரைக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

புதன் சாயங்காலம் என் கணவர் டூட்டி முடிந்து வந்தார். இன்றைக்கு மட்டும் ராத்திரி ஓடட்டும் என்று கேட்டேன். யாருக்காக, எதற்காக என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வேண்டாம் என்றார்.

வியாழன் காலை ஏழு மணிக்குப் போட்டேன். திரையில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகரும். அது முடிந்தால் வேலை முடிந்தது. பத்து மணிக்கு அது மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்திருக்க வேண்டும்; கால் தூரம்தான் வந்திருந்தது. நாலு மணிக்கு முக்கால் தூரம்தான். தங்கராசு அண்ணன் ஐந்து மணிக்கு வந்து என் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒருதடவை எழுந்து வாசலுக்குப் போய் போனில் பேசிவிட்டு வந்தார். ஆறரைக்கு அந்த வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "விடும்மா, கெளம்பிட்டாக" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஏழு மணிக்குப் பட்டை முடிவைத் தொட்டது. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். சிடிகளை எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு அழுதேன். மறுநாள் காலையில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

வசந்தாவின் கைகள்

அவர் திங்கட்கிழமை மதியம் திரும்பினார். குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். சாயங்காலம் எழுந்தவர் சமையலறைக்குப் போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரோ ரயில்வே விசாரணை மாதிரி ஒவ்வொரு தேதியாகக் கேட்டார். அன்றைக்குக் காலையில் மெஷினைப் போட்டதும் முதலில் என்ன தெரிந்தது, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்ததா? யோசித்துப் பார்த்தேன். வேகம் குறைந்த முதல் நாள் காலையில் எல்லாம் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும், ஒரு விசையை அழுத்தினால் போய்விடும், அதன்பின் மூலையில் தேதி தப்பாக, பழைய வருஷமாக இருக்கும் என்றேன். வேகமாக ஓடிய நாட்களில் வருமா என்று கேட்டார். வராது.

காலண்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன் மெஷின நான் தொட்டதே இல்ல கோமதி. ஆனா தெனமும் ஒண்ணு செய்றேன்" என்றார்.

நானும் மகளும் படுத்த பிறகு அந்த அறைக்குப் போய், மேசைக்குக் கீழே இருக்கிற யூபிஎஸ்ஸை அணைத்து, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிடுவாராம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்ததும் இரண்டையும் போட்டுவிடுவார். நான் பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்டேன்.

அதற்கு அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை, வசந்தா. சோழவந்தானில் கட்டிக் கொடுத்திருக்கிறது. எந்த வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்குகிற ரவிக்கைதான் போடுவாள். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று கல்யாணமான புதிதில் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். வெந்நீர் இல்லையாம். ரயில்வே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இவர் டேபிள் ஃபேனை ஓடவிட்டு வெளியே போயிருக்கிறார். ஒயர் சூடேறி, பாய் பிடித்துக்கொண்டது. உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்த வசந்தா கையாலேயே அடித்து அணைத்திருக்கிறாள்.

"வெந்நின்னு அவதான் எல்லார்ட்டயும் சொன்னா. அப்பாக்கிட்ட நான் அடி வாங்கக் கூடாதுன்னு. பன்னெண்டு வயசு அப்ப அவளுக்கு."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையெல்லாம் புழக்கத்தில் இல்லை. எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நூற்று முப்பத்து மூன்று, நூறு

மறுநாள் காலை கம்ப்யூட்டர் பெட்டியை அவரே மடியில் பிடித்துக்கொள்ள, ஆட்டோவில் சலீம் பாய் கடைக்குப் போனோம். காலண்டரைச் சுருட்டி நான் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் சொன்னதைக் கேட்டு, காலண்டரைப் பார்த்து, சலீம் பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து, உள்ளே பச்சைப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு வட்ட பேட்டரியைக் காட்டினார். கைக்கடிகாரத்தில் போடுவது மாதிரி, கொஞ்சம் பெரியது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான புராசஸர் தன் வேகத்தைத் தானே முடிவு செய்வதில்லை. மதர்போர்டு என்கிற அந்தப் பலகைதான் ஒரு தாளம் போட்டுக் கொடுக்கிறது. அதற்கு பஸ் வேகம் என்று பெயர். பலகை ஒரு தட்டுத் தட்டினால் என் புராசஸர் பதினோரு அடி வைக்கும். அந்தப் பதினொன்று மாறாது. பலகை நூற்று முப்பத்து மூன்று என்ற வேகத்தில் தட்டினால் புராசஸர் ஆயிரத்து நானூறைத் தாண்டி ஓடும். நூறு என்று தட்டினால் ஆயிரத்து நூறோடு நின்றுவிடும். எத்தனை தட்டு என்பதைப் பலகை நினைவில் வைத்திருக்க வேண்டும். மெஷினை நிறுத்தினாலும் பிளக் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் நினைவு தப்பாது. சுவரிலேயே அணைத்துவிட்டால் அந்தப் பேட்டரிதான் காக்க வேண்டும். பேட்டரி செத்துப்போனால் பலகை எல்லாவற்றையும் மறந்து, எதற்கும் ஆபத்தில்லாத குறைந்த வேகமான நூறுக்குப் போய்விடும். தேதியையும் மறந்துவிடும்.

தான் வந்தபோதெல்லாம் சரியானதே, அது எப்படி என்று அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். தேதி தப்பாக இருக்கிறதே என்று உள்ளே போய்த் திருத்துவார். அந்தப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் நல்லபடியாக வைக்கச் சொல்லும் ஒரு வரி உண்டு. கைப்பழக்கத்தில் அதையும் அழுத்திவிட்டு வந்துவிடுவார். அதில்தான் தாளம் மறுபடி நூற்று முப்பத்து மூன்றானது.

"தேதி மாறுனா பேட்டரிதான்னு எனக்குத் தெரியும்க்கா. அடுத்த தடவ கொண்டாருவோம்னு விட்டுட்டேன். அதுக்கும் வேகத்துக்கும் நான் முடிச்சுப் போடல. தப்பு எம்மேலதான்."

மெமரி கூட்டிப் போட்டும் ஏன் மாறவில்லை என்று என் கணவர் கேட்டார். மெமரிக்கும் புராசஸருக்கும் நடுவில் சிப்செட் என்று ஒன்று நின்று சரக்கைக் கைமாற்றிக் கொடுக்கிறது, அந்தப் பாதையும் அதே தாளத்தில்தான் ஓடும், பாதை மெதுவானால் இந்தப் பக்கம் எவ்வளவு குவித்து வைத்தும் பலன் குறைவு என்றார் சலீம் பாய்.

என் கணவருக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. பாலம் பழுதான இடத்தில் வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்று டிரைவரிடம் சீட்டுக் கொடுப்பார்களாம். எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். பாலத்தைச் சரி செய்த பிறகும் சீட்டை யாரும் ரத்து செய்யாமல் விட்டால், வண்டி ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். "டிரைவரத் திட்டி என்ன பண்ண?" என்றார். சலீம் பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் மனதுக்குள் நான் திட்டிக்கொண்டிருந்தது யாரை என்று எனக்குத் தெரியும்.

புதுப் பேட்டரி போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எம் பொண்ணு மொகம் எங்க?

வீட்டுக்கு வந்ததும் மேசைமேல் இருந்த சிடிகளை அவர் பார்த்தார். இன்னும் கொடுக்கவில்லையா என்று கேட்டார். தங்கராசு அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த வீட்டு வாசப்படி ஏறத் தனக்கு முகமில்லை, நீயே போய்க் கொடுத்துவிடு என்றார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் போனோம். அபிராமியின் அம்மா கதவைத் திறந்தார். தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். கூடத்தில் டிவிக்கு எதிரே கட்டில். அபிராமியின் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

முதலிலிருந்து பார்க்க அவர் விரும்பவில்லை. தாரை வார்க்கிற இடத்தைப் போடச் சொன்னார். அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்த இடம். வந்தது. பெரியப்பாவின் கை, தண்ணீர், மாப்பிள்ளையின் கை. உடனே இரண்டு மாலைகள் மெதுவாக அசையும் காட்சி, பின்னணியில் நாதஸ்வரம். நான் வைத்ததுதான்.

அவர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தார். என் பக்கம் திரும்பினார். வார்த்தைகள் குழறித்தான் வந்தன.

"அண்ணன் கை தெரியுது. எம் பொண்ணு மொகம் எங்கம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் உங்கள் மகள் அழுதாள், மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு அழுதாள், அழுகை இருந்தால் வெட்டிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம் என்றேன்.

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி, வேண்டாமே என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேடையில் பெண் முழு நேரமும் சிரித்த முகமாக இருந்தாள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"அழுதாளா?" என்று அவர் கேட்டார். பிறகு, "அது எனக்கு வேணும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குக் குழப்பம். உடம்பு சரியில்லாத மனுஷர், அதைப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் வைகைப் பாலம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "குடுத்துரு கோமதி. தெரியாம இருக்கதுதான் கஷ்டம்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூல கேசட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துச் சேர்த்தேன். நாற்பது விநாடி. மாலைகளை எடுத்துவிட்டேன், நாதஸ்வரத்தையும் எடுத்துவிட்டேன். எட்டு மணிக்கு ஓட விட்டேன். நீலப் பட்டை சீராக நகர்ந்தது. என் கணவர் அன்றைக்கு ஓய்வு. அந்த அறைக்குள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பேப்பர் படித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அதற்கு முன் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சரியாக ஐந்து மணிக்கு முடிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் போன் மணி அடித்தது. சிங்கப்பூரிலிருந்து அபிராமி. அவள் அம்மா ரிசீவரைத் தன் கணவரின் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சிடியைப் போட்டு அந்த இடத்துக்கு ஓட்டினேன்.

பெரியப்பாவின் கை. தண்ணீர். பிறகு அவள் முகம். பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, பக்கத்தில் யாரையும் பார்க்காமல், கூட்டத்துக்கு மேலே தூரமாக எதையோ பார்த்துக்கொண்டு, கன்னம் நனைய அழுதது அந்தப் பெண். மண்டபத்து இரைச்சல் மட்டும் கேட்டது. நாற்பது விநாடி முடிந்தது. நான் டிவியை நிறுத்தினேன்.

போனில் அவள் என்னப்பா, என்னப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்கே கேட்டது. அவர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துப் பேசினார்.

"வாசலத்தான பாத்துக்கிட்டு இருந்த? வந்துட்டேம்மா. இப்பத்தான் வந்து சேந்தேன்."